ஏழு பட்டமும் ஒரு மேதகுவும்

எங்கள் கல்லூரித் தாளாளருக்கு ஏழு பட்டங்கள் உண்டு. ஏழும் நான் கொடுத்தவை. பல்கலைக்கழகம் கொடுத்தது ஒன்றும் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார் என்று ஆங்கிலத் துறை மேடம் சொல்வார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அதுவே முதல் காரணம்.

வேலை கிடைத்த கதையும் அப்படித்தான். தமிழில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்துவிட்டுக் கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மண்டபத்துக்குள் வெள்ளை வேட்டியும் நான்கு மோதிரங்களுமாக ஒருவர் நுழைந்தார். யாரென்று தெரியாது. தெரியாது என்பதற்காகச் சும்மா இருந்தால் மைக் பிடிக்கிறவன் பிழைக்க முடியாது. அவருக்குப் பின்னால் வந்தவர் கையில் கல்லூரிப் பெயர் போட்ட துணிப்பை இருந்ததைப் பார்த்து, "கல்வி வள்ளல் ஐயா அவர்களே, வருக வருக" என்று ஒரு போடு போட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவரும் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். மறுநாள் காலை ஆள் அனுப்பினார். கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலைக்காய் வியாபாரத்தில் ஆரம்பித்து, எண்ணெய் மில் வைத்து, அப்போதுதான் கல்லூரி கட்டி முடித்திருந்தார். "நாளைலேர்ந்து தமிழ் வாத்தியாரா வந்துடு" என்றார். என் எம்.ஃபில். சான்றிதழை நான் நீட்டியபடியே இருந்தேன். அதை அவர் இன்றுவரை வாங்கிப் பார்க்கவில்லை.

வேலை தொகுப்பூதியம். ஜூன் மாதம் வந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பாரா மாட்டாரா என்பது மே மாதம் முழுக்க ஓடும் வயிற்றுக்கலக்கம். அதற்கு நானே ஒரு மருந்து கண்டுபிடித்தேன். ஆண்டு விழா மார்ச்சில் வரும். அந்த மேடையில் ஒரு புதுப் பட்டம். அறிவுத் திருவிளக்கு, கொடைக்கடல், ஏழைப் பங்காளர் என்று வருடத்துக்கு ஒன்றாக ஏறியது. ஏறினது இறங்காது. ஒரு விழாவில் 'கொடைக்கடல்' விட்டுப்போனதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எட்டாவது வருடம் வந்தபோது ஏழு பட்டங்களையும் ஒரே மூச்சில் சொல்ல நான் காலையில் எழுந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் எல்லோரும் நான் யோகா கற்றுக்கொள்வதாக நினைத்தார்கள். மாமியார் மட்டும் நினைக்கவில்லை. "ஜூன் மாப்பிள்ள மூச்சு வாங்கறாரு" என்று மகளிடம் சொல்வார், எனக்குக் காது கேட்கும் தூரத்தில் நின்று.

ஆங்கிலத் துறை மேடமும் என்னோடு அதே வாரம் சேர்ந்தவர். அவருக்கும் தொகுப்பூதியம், அவருக்கும் மே மாதக் கலக்கம். ஆனால் அவர் பட்டம் சுடவில்லை. பாடம் நடத்தினார். பிள்ளைகள் அவர் வகுப்புக்கு மழையிலும் வந்தார்கள். என் வகுப்புக்கு மழைக்காக வந்தார்கள், மற்ற அறைகளில் கூரை ஒழுகியதால். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எட்டு வருடமும் சண்டைதான்.

அந்த வருடம் ஜனவரியில் தாளாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைக்காமலே சொன்னார்: "டிரஸ்ட்ல ஒரு பர்மனென்ட் போஸ்ட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. ஆண்டு விழா முடியட்டும். யாரு நல்லா பண்றீங்களோ அவங்களுக்கு ஆர்டர்."

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "ரெண்டு நாய்க்கு நடுவுல ஒரு எலும்பு போடறாரு சார்."

"நான் நாய்னு ஒத்துக்கறேன் மேடம். நீங்க ஏன் உங்கள தாழ்த்திக்கறீங்க?"

"எலும்ப விட்டுடுவேன்னு நினைக்காதீங்க."

அவர் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை என்பதும், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கும் அதே நிலைமை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் போடுகிற சண்டைதான் மோசமான சண்டை.

அந்த வருடத் தலைமை விருந்தினர் சாதாரண ஆள் இல்லை. கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு நாடு. அந்த நாட்டுக்கு இன்னும் ராஜா உண்டு. ஆனால் ராஜா வேறொரு நாட்டில், வேறொரு அரண்மனையில் இருக்கிறார். அதனால் தனக்குப் பதிலாக இருக்கச் சொல்லி அந்தத் தீவுக்காரர் ஒருவரையே நியமித்திருக்கிறார். தலைமை ஆளுநர், கவர்னர் ஜெனரல். அவர் அண்ணாமலையாரைக் கும்பிட வருகிறார். டிரஸ்ட்டில் ஒருவருக்கு அவரைத் தெரியும். கோயிலுக்குப் போகும் வழியில் நாற்பது நிமிடம் எங்கள் மேடையில் உட்கார ஒப்புக்கொண்டிருந்தார்.

அவர் அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கத் தாள் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது, எப்படி உட்கார வைப்பது, எப்படி அனுப்பி வைப்பது என்பதெல்லாம் அதில் இருந்தது. மேடம் அதைத் தாளாளர் அறையில் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"முதல் தடவை பேசறப்ப 'யுவர் எக்ஸலன்சி'. அதுக்கப்புறம் 'சார்' போதும். மேடையில அவரைத்தான் முதல்ல விளிக்கணும். அவருக்கு முன்னாடி வேற யார் பேரும் வரக் கூடாது சார்."

"ஏம்மா, இது என் காலேஜு."

"ராஜாவுக்குப் பதிலா நிக்கறவர் சார். ராஜாவே வந்த மாதிரி கணக்கு."

"ராஜா வரலையே. வர்றது இவருதானே?" என்று கேட்டுவிட்டு, மோதிரத்தைத் திருகியபடி, "அவருக்கு எத்தினி பட்டம்?" என்றார்.

"ஒண்ணுதான் சார். எக்ஸலன்சி. தமிழ்ல மேதகு."

"ஒண்ணுதானா?" முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அதுவும் பதவில இருக்கறவரைக்கும்தான். இறங்கினா அதுவும் போயிடும்னு போட்டிருக்கு."

"அடப்பாவமே" என்றார் தாளாளர். உண்மையாகவே இரக்கப்பட்டார். "இன்னாய்யா, நம்ம சார்பா ஒரு ரெண்டு போட்டு அனுப்பலாமா?"

"நாலுகூட போடலாங்க ஐயா. கைவசம் இருக்குது."

"எதுவும் சேர்க்கக் கூடாது" என்றார் மேடம், என்னைப் பார்க்காமல். "தாள்லயே இருக்கு."

தாளாளர் எட்டித் தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ராஜா அனுப்பின ஆளுக்கு ஒண்ணு. கடலக்கா வித்தவனுக்கு ஏழு. பார்க்கறவன் சிரிக்க மாட்டானா?"

எட்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பட்டம் வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தால் நான் வேண்டாம் என்பதும் அதே முடிவுதான்.

"அவருக்குக் குடுத்தது ஒரே ஒரு ராஜாங்க ஐயா. உங்களுக்குக் குடுத்தது ஜனங்க. ராஜா கம்மி, ஜனங்க ஜாஸ்தி. பட்டமும் அப்படித்தானுங்களே வரும்."

அவர் முகம் பழைய நிலைக்குத் திரும்பியது. மேடம் மூக்கால் ஒரு மூச்சு விட்டார். அதற்குள் தாளாளருக்குக் கைபேசி அடித்தது. மில் விஷயம். பேசிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார். மேடம் இரண்டாம் பக்கத்தை அப்போதுதான் திருப்பியிருந்தார். இரண்டு தாளையும் கிளிப் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

வராந்தாவில் வைத்து, "உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடணும் சார்" என்றார்.

"போடுங்க மேடம். சாவிய நீங்களே வெச்சுக்குங்க."

"எதுக்கு வெச்சுக்கணும்? கிணத்துல போட்டுடுவேன்."

அந்த இரண்டாம் பக்கத்தில் இருந்தது ஒரு எளிய விஷயம். மேதகு எழுந்தால் அரங்கம் முழுதும் எழ வேண்டும். அவர் உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. அவர் நிற்கும்போது நாம் உட்கார்ந்திருந்தால் அது ராஜாவை அவமதித்த மாதிரி. விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க மேடம் பிள்ளைகளுக்கு அதைப் பயிற்சி கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி அண்ணனை மேதகுவாக உட்கார வைத்தார். அவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். காவலாளி அண்ணனுக்கு அந்த அதிகாரம் பிடித்துப்போய், காரணமே இல்லாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் கொதிக்கிற வெயிலில் அலை மாதிரி எழுந்து விழுந்தார்கள். ஒருத்தன் என்னைப் பார்த்து, "சார், தமிழ் கிளாஸ்ல இப்படி எழுப்பினா தூக்கமே வராது சார்" என்றான்.

தாளாளர் ஒரு நாளும் ஒத்திகைக்கு வரவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவர் அறைக்குப் போனேன். அந்தத் தாள் கிளிப்போடு அதே இடத்தில் இருந்தது. மேலே டீ டம்ளர். தாளில் டம்ளரின் வட்டம் ஐந்தாறு விழுந்திருந்தது. முதல் பக்கத்தோடு சரி.

மேடத்திடம் வந்து சொன்னேன்: "அவர் ரெண்டாம் பக்கம் படிக்கலை மேடம். சொல்லிடுங்க."

"நீங்க சொல்லுங்க. அவர்கிட்ட வாய்ப்பேச்சு உங்க டிபார்ட்மெண்ட்தானே?"

"இங்கிலீஷ் பேப்பர். அது உங்க டிபார்ட்மெண்ட்."

"நான் மேஜை மேல வெச்சாச்சு. என் வேலை முடிஞ்சுது."

"அப்ப எனக்கும் தெரியாது."

இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மேதகு எழும்போது இவர் எழாமல் உட்கார்ந்திருந்தால் அவமானம் ஆகும், பழி தாளைப் படித்துக்காட்டிய மேடம்மேல் விழும், ஆர்டர் எனக்கு வரும் என்று நான் கணக்குப் போட்டேன். அவரும் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டிருப்பார், பழி ஐயாவின் செல்லப்பிள்ளையான என்மேல் விழும் என்று. அந்த ஒரு விஷயத்தில்தான் தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் ஒத்துப்போயின.

விழா அன்று மேதகு சொன்ன நேரத்துக்கு வந்தார். எங்கள் ஊரில் அதுவே ஒரு அதிர்ச்சி. நாதஸ்வரக்காரர் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தார். மேதகு ஒல்லியான மனிதர். கறுப்புக் கோட்டு, சின்னக் கண்ணாடி, நெற்றியில் காலையில் இட்ட விபூதி. அவருக்குப் பின்னால் ராணுவ உடையில், தோளில் தங்கக் கயிறு தொங்க, ஓர் உதவி அதிகாரி. தாளாளர் பொன்னாடையை விரித்துக்கொண்டு நேராகத் தங்கக் கயிற்றை நோக்கிப் போனார். மேடம் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவர் முழங்கையைத் தொட்டுத் திசை மாற்றினார். அந்த ஒரு தொடுகைக்கே ஆர்டர் கொடுக்கலாம் என்று எனக்கே தோன்றியது. உடனே பயமாகவும் இருந்தது.

மேடையில் பத்தொன்பது பேர். எங்கள் பக்க வழக்கத்தில் மேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயரும் சிறப்பும் சொல்லி 'அவர்களே' போட்டாக வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் கீழேயிருந்து துண்டுச்சீட்டு வரும். ஒத்திகையில் மேடம் கைபேசியில் நேரம் பார்த்தார். நான் விளித்து முடிக்கவே பதினொரு நிமிடம். "நாப்பதுல பதினொண்ணு நீங்களே சாப்பிட்டா அவர் வந்தது எதுக்கு சார்?" என்று கேட்டிருந்தார். நான் கேட்டால்தானே. விழா அன்று வரவேற்பு நடனத்துக்கும் பொன்னாடைக்குமே இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

"மேதகு தலைமை ஆளுநர் அவர்களே" என்று ஆரம்பித்தேன். ஒரு பட்டம், ஒரு பதவி, முடிந்தது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு தாளாளருக்கு வந்தேன். கல்வி வள்ளல், அறிவுத் திருவிளக்கு, கொடைக்கடல், ஏழைப் பங்காளர்... நான்காவது முடியும்போது தங்கக் கயிறு நடந்து வந்து, ஒரு சின்ன அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு அதே நடையில் திரும்பிப் போனது. 'ஒரு நிமிடம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு நிமிடம் இருக்கிறதா, ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டுமா, என் ஆயுளே ஒரு நிமிடம்தானா என்று புரியவில்லை. பயத்தில் மிச்சம் மூன்று பட்டங்களையும் விழுங்கிவிட்டு, "...ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மற்றும் உள்ளோரே, வணக்கம்" என்று முடித்துவிட்டேன்.

பதினேழு பேர் 'மற்றும் உள்ளோர்' ஆனார்கள். அது போகட்டும். தாளாளர் தொடைமேல் வைத்திருந்த கையில் நான்கு விரல் மடங்கியிருந்தது. மடக்குவதற்குத் தயாராக ஐந்தாவது விரல் நீட்டியபடியே நின்றது. அந்த விரலைப் பார்த்ததும் ஜூன் மாதம் கண்ணுக்குத் தெரிந்தது. மேடையின் ஓரத்தில் மேடம் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கத்தான்.

அடுத்து தாளாளரின் தலைமையுரை. நிகழ்ச்சி நிரலில் மூன்று நிமிடம். அவர் மைக்கைப் பிடித்ததும் நான் விழுங்கிய மூன்றையும் தானே சொல்லிக்கொண்டார். "மண்ணின் மைந்தர்னு சொல்றாங்க, நற்பணி நாயகர்னு சொல்றாங்க, கல்விச் செம்மல்னுகூட சொல்றாங்க. எனக்கு இதெல்லாம் புடிக்காது. நான் ஒரு கடலக்கா யாவாரி." அங்கிருந்து கடலைக்காய்க்குப் போனார். அப்பாவோடு மூட்டை தூக்கியது, கடலைக்காய் ஏலம் போடும் கமிட்டியில் ஏமாந்தது, படிக்காதவன் என்று ஒருவர் சொன்னது. பத்து நிமிடம் ஆயிற்று. அவர் மைக்கில் நின்று பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறார். மேதகு அவருக்குப் பின்னால் நாற்காலியில்.

"அன்னிக்கு சபதம் எடுத்தேன். ஆயிரம் புள்ளைங்கள படிக்க வெக்காம சாவ மாட்டேன்னு!" என்று தாளாளர் கையை உயர்த்தினார்.

சரியாக அந்த நொடியில் மேதகு எழுந்தார். வேறொன்றும் இல்லை. நாற்பது நிமிடம் முடிந்துவிட்டது. கோயிலில் தரிசன நேரம் சொல்லி வைத்திருக்கிறது. வண்டி காத்திருக்கிறது.

ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளும் ஒரே சத்தத்தில் எழுந்தார்கள். மேடையில் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

தாளாளர் பேச்சை நிறுத்தினார். அவர் பார்த்தது முன்னால் இருந்தவர்களை மட்டும்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லோரும் நிற்கிறார்கள். உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு அது இறங்கி, இரண்டு கையும் சேர்ந்து கும்பிட்டன. கண் கலங்கிவிட்டது.

"உக்காருங்க... அய்யய்யோ, உக்காருங்க கண்ணுங்களா" என்றார்.

ஒருவரும் உட்காரவில்லை. மேதகு நின்றுகொண்டிருக்கிறாரே.

"உக்காருங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க பாரு!" அழுதேவிட்டார். "இந்தப் பாசத்துக்கு நான் இன்னா செஞ்சிட்டேன்?" என்று கேட்டுவிட்டு, என்னென்ன செய்தார் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மேதகு நல்ல மனிதர். அழுதுகொண்டே பேசுகிற ஒருவரை நடுவில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தால் இன்னும் நேரமாகும் என்று நின்றார். அவர் நின்றதால் பிள்ளைகள் நின்றார்கள். பிள்ளைகள் நின்றதால் இவர் பேசினார். இவர் பேசியதால் அவர் நின்றார். ராஜாவின் சட்டமும் எங்கள் ஊர் மைக்கும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. தங்கக் கயிறு என்னைப் பார்த்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். போய்ச் சொல்லுங்க என்று கண்ணால் காட்டினார். நீங்க சொல்லுங்க என்று நானும் கண்ணால் காட்டினேன். இப்படிக் கால் மணி நேரம். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அதையும் தாளாளர் தன் பேச்சின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் தோற்றது ராஜாதான். மேதகு ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். அரங்கம் தடதடவென்று உட்கார்ந்தது. "இப்பத்தான் என் பேச்சு கேட்டீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளாளர் உரையை முடித்தார். மேதகு மைக்கில் இரண்டே வாக்கியம் பேசினார். அதில் ஒன்று மன்னிப்பு, இன்னொன்று நன்றி. போய்விட்டார்.

மறுநாள் காலை தாளாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் டிரஸ்ட் முத்திரை போட்ட ஒரு உறை. பெயர் எழுதும் இடம் காலி. தாளாளர் தூங்கவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. சந்தோஷத் தூக்கமின்மை.

"மூணு பட்டத்த நீ முழுங்கின. அத அப்புறம் பேசறேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "அந்தப் புள்ளைங்கள எழுப்பினது யாரு?" என்று கேட்டார்.

உண்மையில் எழுப்பியது மேடம். ஒரு வாரம் வெயிலில் நின்று பழக்கியவர் அவர். 'நான்தான் சார்' என்ற இரண்டு சொல் போதும். உறை அவருடையது. சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பேன்.

"பழக்கினது நான்தான் சார்" என்றார் மேடம். "ஆனா அது உங்களுக்காக இல்ல. அவர் எழுந்தா எல்லாரும் எழணும்னு ரெண்டாம் பக்கத்துல விதி இருக்கு. அவர் கெளம்பறதுக்கு எழுந்தாரு, அதான். நீங்க பேசினதுல அவருக்கு கோயில் நேரம் தவறிப்போச்சு. ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பணும். நானே எழுதித் தரேன்."

தாளாளர் டம்ளரை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். ஆங்கிலம்தான், ஆனால் அவருக்குப் புரிகிற அளவு ஆங்கிலம். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே போனது. எட்டு வருடம் அவரைக் கிண்டல் செய்து பிழைத்தவன் நான். அப்போது மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. இரக்கம் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் கண் முழு நேரமும் உறையில் இருந்தது.

"ஐயா" என்றேன். "மேடம் சொல்றது நெசம்ங்க. அவரு எழுந்தாத்தான் எல்லாரும் எழணும். விதி அப்படித்தான். ஆனா அவரு ஏன் எழுந்தாருன்னு யாரும் கேக்கலையேங்க. கெளம்பறவரு எழுந்தா நடக்க வேணாமா? கால் மணி நேரம் நின்னாரே. நீங்க சபதம் சொன்ன அந்த நேரத்துல எழுந்தவரு, நீங்க கண்ணு தொடைக்கறவரைக்கும் நின்னாரு. ராஜாவுக்குப் பதிலா நிக்கறவரு. அப்ப நின்னது யாருங்க?"

மில் பக்கம் போகிற லாரியின் ஹாரன் கேட்டது.

"ராஜா" என்றார் தாளாளர், மிக மெதுவாக.

"அத நான் என் வாயால சொல்லக் கூடாதுங்க ஐயா."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டு வருடத்தில் எத்தனையோ முறை முறைத்திருக்கிறார். இது முறைப்பு இல்லை. கடையில் அழுகிய கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற பார்வை.

"சார்" என்றார் தாளாளரிடம், "இவர் சொல்றத நம்பறீங்களா?"

"ஏம்மா, நீ நல்லா படிச்சவ. ஆனா உனக்கு மனுசங்கள தெரியல" என்றார் அவர். உறையை எடுத்து, பேனாவைத் திறந்து, என் பெயரை எழுதினார். எழுதும்போதே, "மன்னர் எழுந்து மதித்த மாமனிதர். எப்படிய்யா இருக்குது?" என்று கேட்டார். எட்டாவது பட்டத்தை அவரே போட்டுக்கொண்டார். என் உதவி தேவைப்படவில்லை.

வீட்டில் ஆர்டரைக் காட்டினேன். மாமியார் அதைச் சாமி படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டினார். மனைவி முழுக்கதையையும் கேட்டாள். நான் தாளாளர் மாதிரி அழுது நடித்துக் காட்டியபோது சிரித்தாள். கடைசிப் பகுதிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "அந்தம்மாவுக்கு இப்ப வேலை?" என்றாள். ஜூனில் தெரியும் என்றேன். "தெரிஞ்சிக்க இன்னா இருக்குது?" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூனில் புதுப்பிக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு ஆள் கம்மி சம்பளத்தில் கிடைக்கிறது என்றார்கள். அனுபவச் சான்றிதழை நான்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கல்லூரியின் புதுக் கடிதத்தாளில் தாளாளர் பெயருக்கு முன் எட்டுப் பட்டமும் அச்சாகி, தாளில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தது. மேடத்தின் பெயரும் எட்டு வருட வேலையும் கீழே இடுக்கில்.

வாங்கிக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லையே மேடம்?" என்றேன். "நீங்க திருத்தாம என் இங்கிலீஷ் ஒரு நாளும் வெளிய போனதில்ல. கடைசி தடவை, மார்க் போட்டுட்டுப் போங்க."

வழக்கமாக இதற்கு ஒரு வசவு வரும். வந்தால் பரவாயில்லை என்று காத்திருந்தேன். வரவில்லை. சான்றிதழை மேசைமேல் வைத்து, பட்டங்கள் எல்லாம் பின்னால் போகும்படி சரியாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தினார். இப்போது கடிதம் அவர் பெயரிலிருந்து ஆரம்பித்தது. "ஜெராக்ஸ் இப்படியே எடுத்துக்குவேன்" என்றார், என்னிடமா கடிதத்திடமா தெரியவில்லை.

பையை மாட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற சின்னக் குழந்தைகூட 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்லும். எட்டு வருடமும் மாலை ஐந்து மணிக்கு, எவ்வளவு சண்டை போட்ட நாளாக இருந்தாலும், அவரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்.

"போறேன்" என்றார்.